ஆறு பெட்டிகள், ஒரு கதிரை

"இது உங்க பெட்டியில விழ வேண்டிய கடிதமில்ல தம்பி."

அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இதுதான். அம்பிட்டியவில் நான் வாடகை வீடு எடுத்து வந்த நான்காம் நாள். வாசல் பெட்டியில் கிடந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பியபோது, எதிர்வீட்டுப் பெண் குடையைச் சாய்த்துப் பிடித்தபடி படியிறங்கி வந்தார். என் கையில் தலைகீழாக இருந்த உறையை ஒரு கணம் பார்த்துவிட்டு அப்படிச் சொன்னார். நிமிர்த்திப் படித்தேன். வீட்டு இலக்கம் என்னுடையதுதான், தெரு வேறு, மேல் ஒழுங்கை. அவர் அதை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, மழையில் ஏற்றம் ஏறிப் போய் உரிய வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார். எட்டு மணி பஸ்ஸைத் தவறவிட்டார் என்று அவருடைய கணவர் பிறகு சொன்னார்.

என் நாட்குறிப்பில் அவர் 'தபால் அக்கா'. இங்கேயும் பெயர் வேண்டாம். மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, படித்து, கண்டிக்கு வந்து, தபாலகத்தில் கடிதம் பிரிக்கும் அறையில் வேலைக்குச் சேர்ந்தவர். சின்னச் சின்ன அறைகள் கொண்ட பெரிய மரத்தட்டுக்கு முன்னால் நின்று, ஒவ்வோர் உறையையும் அதனதன் அறைக்குள் போடுவதுதான் வேலை. அந்த வேலை அவரிடம் ஐந்து மணிக்கு முடிவதில்லை.

ஒருநாள் காலை பஸ்ஸில் நானும் அவரும் நின்றுகொண்டு போனோம். பிக்குகள், பாதிரியார்கள் என்று மதகுருமாருக்கு ஒதுக்கிய முன் இருக்கையில் ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். அக்கா அவன் தோளைத் தட்டினார்.

"எழும்புங்க தம்பி."

"ஏன் அன்ட்டி? பஸ்ல ஹாமுதுருவும் இல்ல, ஃபாதரும் இல்லையே."

"அடுத்த ஹோல்ட்டுல ஏறினா எங்க உட்காருவாங்க?"

அவன் எழுந்துகொண்டான். அக்கா உட்காருவார் என்று நினைத்தேன். அவரும் உட்காரவில்லை. கண்டி வரையில் மதகுரு ஒருவரும் ஏறவில்லை. அந்த இருக்கை வெறுமையாக, நெரிசலுக்கு நடுவில், ஒரு பெரிய மனிதரைப் போல எங்களோடு பயணம் செய்தது.

கண் விஷயத்தை அவர் என்னிடம் சொன்னது துணி காயப்போடும் கொடிக்கருகில். நான் அவருடைய வலது பக்கமாக வந்து "அக்கா" என்றதும் திடுக்கிட்டு, ஈரத்துணியைக் கீழே போட்டுவிட்டார்.

"பக்கத்தால வராதீங்க தம்பி. முன்னால வாங்க. இல்லாட்டி கூப்பிட்டுக்கிட்டே வாங்க."

கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறதாம். பார்வை ஓரங்களிலிருந்து போகும். நடுவில் கொஞ்சம் கடைசிவரை நிற்கும். போனது திரும்பாது, மருந்து போட்டால் போவது மெதுவாகப் போகும். டொக்டர் இதை மூன்று தடவை சொன்னாராம்.

"எனக்கு முதல் தடவையே விளங்கிச்சு. அவருக்குத்தான் விளங்கல, நான் ஏன் அழல்லன்னு," என்றார். இரண்டு கைகளையும் சுருட்டிக் குழாய்போலக் கண்ணில் வைத்துக் காட்டினார். "இப்படித்தான் தெரியுது. விலாசம் படிக்க இது போதும். பஸ்ஸுக்குக் குறுக்கால பாயத்தான் போதாது."

அவருடைய கணவர் பஸ் கொண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். நல்ல மனிதர், வாய்க்கு ஓய்வு கொடுக்காதவர். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, இரண்டு மணிக்கு இருவரும் வீட்டு முன்னறையில், ஹோலில், ஒரு சினிமா டிஸ்க் போட்டுப் பார்ப்பார்கள். கலியாணம் முடித்த காலத்திலிருந்து வரும் வழக்கம். முன்பு தியேட்டரில், பிறகு வீட்டில். பார்வை சுருங்கத் தொடங்கியதும் திரையின் ஓரங்கள் அக்காவுக்குத் தப்பிப்போயின. அண்ணன் விளக்கம் சொல்லும் பொறுப்பை எடுத்துக்கொண்டார்.

"இப்ப யாரு?"

"ஒரு ஆளு வாறான்."

"எந்தப் பக்கத்தால?"

"எந்தப் பக்கத்தால வந்தா உனக்கென்ன புள்ள? வந்துட்டான்ல?"

"கையில என்ன?"

"கத்தி... இல்ல, இரு இரு. குடை."

"கத்திக்கும் குடைக்கும் நடுவுல நான் எத்தனை தரம் செத்துப் பொழைக்கிறது?"

அதைவிட மோசமானது, அண்ணன் பாதியில் தூங்கிவிடுவார். விழித்தவுடன், தூங்கவில்லை என்று காட்டுவதற்காக நடுவில் நடந்ததை இட்டுக்கட்டிச் சொல்வார். ஒரு சினிமாவில் கடைசிவரை உயிரோடிருந்த தாயை இவர் இடைவேளையிலேயே அடக்கம் செய்துவிட்டார்.

அக்கா தீர்மானித்தது அந்த வாரம்தான். கொஞ்ச நாளுக்கு முன் கண்டியில் ஒரு தியேட்டரில் அவருக்கு ஒன்று நடந்திருந்தது. திரையில் யாரோ இருவர் பேசிக்கொண்டிருக்க, அவருக்குப் பின்னாலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்து காதருகே கடந்து முன்னால் போயிருக்கிறது. "அந்தப் பக்கம் எனக்குப் பார்வையே இல்ல தம்பி. ஆனா வந்தது தெரிஞ்சிச்சு. யாரும் சொல்லல்ல. எனக்கே தெரிஞ்சிச்சு." அந்தச் சத்தம் வீட்டுக்கு வரவேண்டும், பார்வை முழுதாகப் போவதற்கு முன் வரவேண்டும் என்பதே அவர் முடிவு. "பிறகு என்னால வயர் இழுக்க ஏலாது. இவரோட கண்ணால நான் படம் பார்க்கமாட்டேன். என் காதாலயே பார்த்துக்கிறேன்."

நான் நில அளவை அலுவலகமொன்றில் வரைபடம் வரைபவன். அளவு நாடா வைத்திருப்பவன் என்பதால் இந்த வேலைக்குள் இழுக்கப்பட்டேன்.

மூன்று பேருமாக அக்குறணையில் ஓர் ஒலிபெருக்கிக் கடைக்குப் போனோம். கடைக்காரரை எல்லாரும் நானா என்பார்கள்; அவர் நீள சோஃபாவில் எங்களை உட்காரவைத்து, சுற்றிவர ஆறு ஒலிப்பெட்டிகள் வைத்த ஒரு செட்டில் டிஸ்க்கைப் போட்டார். கடையின் கண்ணாடி அலுமாரிகள் கிடுகிடுத்தன. அண்ணன் எழுந்து நின்று கைதட்டாத குறை.

"எப்படி மிஸ்? முழு ஊருக்கும் கேக்கும்," என்றார் நானா.

அக்கா கண்ணை மூடியபடியே இருந்தார். "நானா, ஆறு பெட்டியிலயும் ஒரே சத்தம்தானே வருது?"

"ஓ மிஸ், ஒரு பெட்டியும் சும்மா ஈக்காது. ஆறும் வேலை செய்யும்."

"இது கடிதமில்ல, சுற்றறிக்கை. எல்லாருக்கும் ஒரே பிரதி. எனக்கு ஆறு கடிதம் வேணும், ஆறு விலாசத்துக்கு."

நானா அண்ணனைப் பார்த்தார். அண்ணன், "முப்பது வருசமா எனக்கும் இதே பாடுதான்," என்றார்.

அந்த நானா கெட்டிக்காரர். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, சிரித்து, உண்மையைச் சொன்னார். டிஸ்க்கில் சத்தம் ஆறு பாதையாகத்தான் பதிவாகியிருக்கும்: முன்னால் இடது, நடு, வலது, பின்னால் இடது, வலது, அதிர்வுக்கு ஒன்று. ஆனால் பின் பெட்டியில் எப்போதாவதுதான் சத்தம் வரும். அது பழுது என்று சொல்லி ஆட்கள் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். அதனால் எல்லாப் பெட்டியும் ஒன்றாகப் பாடும்படி இவரே மாற்றி வைத்துவிடுகிறார். "இது வரைக்கும் ஒரு ஆளும் இப்படிக் கேட்டில்ல மிஸ்," என்றபடி ரிமோட்டை எடுத்தார். டிஸ்க் ஓடும் பிளேயரிலும் ஓர் இடத்தைத் திருத்தினார். அது ஆறு பாதையையும் பிசைந்து இரண்டாக்கி அனுப்பிக்கொண்டிருந்ததாம்.

"ஆறு தோட்டத்துக் கடிதத்தை ரெண்டு பையில போட்டுக் கட்டியிருக்கான்," என்றார் அக்கா.

மறுபடி ஓடவிட்டார். பெரும் சத்தம் அடங்கியது. பேச்சு நடுவிலிருந்து வந்தது. பிறகு எங்கள் முதுகுக்குப் பின்னால் எங்கோ ஒரு கதவு தாழ்ப்பாள் விலகியது. அண்ணன் திரும்பிக் கடை வாசலைப் பார்த்தார். அக்கா திரும்பவில்லை. "இதுதான்," என்றார். "இதைக் கட்டுங்க."

வீட்டில் சிக்கல் வேறு. ஹோல் பன்னிரண்டு அடிக்குப் பத்தரை. டிவி ஒரு சுவரில். அதற்கு நேரெதிர்ச் சுவரில் மாதா சுரூபம், விளக்கு, பூச்சாடி. பின் பெட்டிகள் இரண்டும் வைக்கவேண்டிய சுவர் அதுதான்.

"மாதாவுக்குப் பக்கத்தில சினிமாப் பெட்டியா?" என்றார் அண்ணன்.

"மாதா அவங்க இடத்தில இருப்பாங்க. பெட்டி அதுட இடத்தில இருக்கும். ஒண்ணு ஒண்ணை இடிக்காது."

சுரூபத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, மெழுகுதிரித் தண்டுகளைப் போல, சம தூரத்தில் பலகை அடித்தோம். கதிரையின் இடத்தை அக்காவே தேர்ந்தெடுத்தார். அதன் நான்கு கால்களுக்கும் நான் தரையில் வெள்ளைக் குறி போட்டேன். காதுக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் இடையிலான தூரத்தை அளந்து எழுதினேன்; அதை அம்ப்ளிஃபையருக்குச் சொன்னால்தான் எல்லாச் சத்தமும் காதுக்கு ஒன்றாக வந்து சேரும். வயர் இழுத்தவர் அண்ணன். வயரின் அம்ப்ளிஃபையர் பக்கத்து நுனியில் அச்சடித்திருந்தபடி, பின் பெட்டிகளில் 'இடது', 'வலது' என்று எழுதிய காகிதங்களையும் ஒட்டினார். சரிபார்த்தவன் நான். பின் சுவருக்கு முன்னால் போய் நின்றேன். இடது கைப்பக்கம் இருந்த பெட்டியில் 'இடது'. வலது கைப்பக்கம் 'வலது'. நாட்குறிப்பில் சரி அடையாளம் போட்டேன். சிவப்பு மையில்.

பரிசோதனைச் சத்தம் என்று ஒன்று உண்டு. 'ஷ்ஷ்ஷ்' என்ற இரைச்சல் பெட்டி பெட்டியாகச் சுற்றி வரும். அக்கா கதிரையில் கண்ணை மூடி, கைகளை மடியில் வைத்து உட்கார்ந்தார். அண்ணன் டிவிக்கருகில் அவரைப் பார்த்து நின்று அம்ப்ளிஃபையரில் தெரியும் எழுத்தைப் பார்த்தார். நான் அவருக்குப் பக்கத்தில்.

"முன் இடது," என்றார் அக்கா.

"சரி."

"நடு. முன் வலது. பின் இடது."

"பிழை. பின் வலது."

அடுத்தது வந்தது. "பின் வலது," என்றார் அக்கா.

"அதுவும் பிழை! பின் இடது. என்ன புள்ள, கண்ணுதான் போகுதுன்னு பார்த்தா காதுமா?"

வேடிக்கையாகத்தான் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை. இன்னொரு தரம் சுற்றச் சொன்னார். அதே விடை. இன்னொரு தரம். அதே விடை.

இரண்டு நாள் கழித்துக் கொடிக்கருகில், நான் முன்னால் வரும்வரை காத்திருந்து கேட்டார்: "தம்பி, காதும் இப்படித்தான் ஓரத்திலிருந்து போகுமா?"

அவர் பயந்து நான் கண்டது அந்த ஒரு முறைதான். அதுவும் ஒரு நாளுக்குமேல் நீடிக்கவில்லை. மறுநாள் என்னைக் கூப்பிட்டுப் பூட்டுத் திறப்புகளின் கோவையைக் கையில் தந்தார். "சத்தமில்லாம நடங்க. எங்கயாவது நின்னு குலுக்குங்க. நான் விரலால காட்டுறேன். எழுதுங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கதிரையைச் சுற்றினேன். இருபது இடத்தில் குலுக்கினேன். கண்ணை மூடியிருந்தவருடைய விரல் இருபது முறையும் நேரே என் கையை நோக்கி நின்றது.

"காது சரி. அப்ப வயர்தான் பிழை."

"வயர் சரி," என்றார் அண்ணன். "தம்பியே பார்த்து டிக் போட்டிருக்காரு. படம் வரையிற ஆளு."

நான் மீண்டும் போய்ப் பின் சுவருக்கு முன்னால் நின்று பார்த்தேன். இடது, இடது. வலது, வலது. "சரியாத்தான் இருக்குக்கா," என்றேன்.

அவர் காதுக்கு எதிராக என் சிவப்பு அடையாளம் மூன்று வாரம் நின்றது. அந்த மூன்று ஞாயிறும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. இடப் பக்கத்தால் திரையைவிட்டு ஓடிய கார் வலது தோளுக்குப் பின்னால் போய் முடிகிறது என்றார். "கடிதம் பக்கத்துப் பெட்டியில விழுது. எங்கேயோ ஒரு கை மாறிப் போடுது," என்பார். அண்ணன் "சரி சரி" என்பார். அந்தச் 'சரி சரி'தான் அவரை அதிகம் வருத்தியது என்று நினைக்கிறேன். நோயாளிக்குச் சொல்லும் சரி அது.

பிறகு செபமாலை மாதம் வந்தது. ஒவ்வொரு மாலையும் ஒவ்வொரு வீட்டில் அயலவர்கள் கூடிச் செபமாலை சொல்வோம். அக்காவின் முறை ஒரு வியாழக்கிழமை. கதிரைகளை ஒதுக்கிவிட்டு, மாதா சுரூபத்தைப் பார்த்துப் பதினேழு பேர் முழங்காலில் இருந்தோம். இரண்டு பக்கமாகப் பிரிந்து, ஒரு பக்கம் பாதிச் செபத்தைத் தொடங்க மறுபக்கம் முடிப்பது வழக்கம். அண்ணன் கொண்டக்டர் குரலில் ஒழுங்குபடுத்தினார்: "இடது பக்கத்தில உள்ளவங்க தொடங்குங்க, வலது பக்கம் முடியுங்க!"

இடது பக்கம் தொடங்கியது. நடுவில் கண்ணை மூடியிருந்த அக்காவின் தலை மெல்ல நிமிர்ந்ததைப் பார்த்தேன். உதடுகள் செபத்தை விடவில்லை. பத்துப் பத்து மணியாக ஐந்து சுற்றையும் சொல்லி முடித்தார். மன்றாட்டு மாலையையும் சொன்னார். கடைசிச் சிலுவை அடையாளம் போட்டு, கை நெற்றியிலிருந்து இறங்கியதும்தான் பேசினார்.

"எல்லாரும் அப்படியே இருங்க. என்னாங்க, இடது பக்கம் தொடங்கச் சொன்னீங்களே, அது எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம். ஜன்னல் பக்கம்."

"இப்ப நான் டிவியைப் பார்த்துத் திரும்புறேன்." முழங்காலிலேயே திரும்பினார். "இப்ப ஜன்னல் எந்தப் பக்கம்?"

அண்ணனும் டிவியைப் பார்த்துத் திரும்பினார். ஜன்னலைக் காட்ட நீண்டது அவருடைய வலது கை.

நான் நாட்குறிப்பை எடுக்கவில்லை. எடுக்கத் தேவையில்லை. அண்ணன் மாதாவைப் பார்த்து நின்று காகிதம் ஒட்டினார். வாழ்நாள் முழுவதும் அந்தச் சுவரை அப்படித்தானே பார்த்தவர். நானும் மாதாவைப் பார்த்து நின்று சரி போட்டேன். கதிரையில் உட்காருகிறவர் மாதாவுக்கு முதுகைக் காட்டி உட்காருகிறார் என்பதை இரண்டு பேரும் நினைக்கவில்லை. பரிசோதித்தபோதும் நாங்கள் அதே திசையைப் பார்த்தபடி அவரைத் திருத்திக்கொண்டிருந்தோம். உலகத்து வரைபடங்களை வரைகிறவன் என்று பெயர்.

எல்லாரையும் டிவிப் பக்கமாகத் திருப்பி உட்காரவைத்தார். வயர் இரண்டையும் அவரே, விரலால் தடவி, கழற்றி மாற்றினார். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. இரைச்சல் பெட்டி பெட்டியாகச் சுற்றியது. அக்கா சொல்லச் சொல்ல அண்ணன் ஒவ்வொன்றுக்கும் "சரி" என்றார். இந்தச் சரி வேறு.

"மாதாவுக்கு முதுகு காட்டினா இப்படித்தான் ஆகும்," என்று சமாளித்தார் கடைசியில்.

"அவங்களுக்கு ஒண்ணும் மாறல்ல. உங்களுக்குத்தான் மாறிச்சு," என்றார் அக்கா. "தம்பிக்கும்."

சிவப்பு அடையாளத்தை நான் அடிக்கவில்லை. பக்கத்தில் 'பிழை, அக்கா சரி' என்று எழுதினேன். இன்றும் இருக்கிறது.

வேலை மாற்றலாகி மாத்தளைக்குப் போய் நான்கு வருடம் கழித்து, ஒரு ஞாயிறு பிற்பகல் அம்பிட்டிய ஒழுங்கையில் ஏறினேன். கூப்பிட்டுக்கொண்டே வரவேண்டும் என்று ஞாபகம் இருந்தது. கூப்பிடுமுன்னே உள்ளேயிருந்து, "தம்பி, செருப்பு வாரு தளர்ந்திருக்கு, தைச்சுப் போடுங்க," என்று குரல் வந்தது.

பார்வை முழுதாகப் போயிருந்தது. முகம் அப்படியே. அண்ணன் சோஃபாவில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தது. கதிரையின் கால்கள் நான் போட்ட குறிகளின் மேலேயே நின்றன. குறிகள் தேய்ந்ததும் யாரையோ கொண்டு மறுபடி போடுவித்திருக்கிறார்.

"வாங்க, என் இடத்தில உட்காருங்க," என்று எழுந்து, கதிரையின் கையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றார். "கண்ணை மூடுங்க. மூடிட்டீங்களா?"

"மூடிட்டேன்."

மழை பெய்தது, எங்களைச் சுற்றி, ஒரு வீட்டின் அளவுக்கு. முன்னால் நடுவில் யாரோ கோப்பையில் கரண்டியால் கலக்கினார்கள். வெகுநேரம் வேறொன்றுமில்லை. பிறகு மெதுவாக ஈரக் காலடி. வளையல் ஒன்று.

"அந்தப் பொம்பளை எங்க நிக்கிறா?"

கையை நீட்டிக் காட்டினேன்.

அவர் காத்திருந்தார். பிறகு, "வாயால சொல்லுங்க தம்பி," என்றார்.

என் கையை இறக்கிக்கொண்டேன். "பின்னால. இடது பக்கம்."

"எந்தச் சுவரைப் பார்த்து இடது?"

"டிவியைப் பார்த்து."

"சரி. இப்ப கண்ணைத் திறங்க."

திறந்தேன். திரையில் அந்தப் பெண் இல்லை. ஒரு மனிதன் மேசையருகில் தனியாக உட்கார்ந்து, தேநீரைக் கலக்கி, அமைதியாகக் குடித்துக்கொண்டிருந்தான்.

"அவனுக்கு இன்னும் தெரியாது," என்றார் அக்கா.